மூளை அதிர்வு: ஓய்வும் பயிற்சியும்

பனையிலிருந்தோ மோட்டார் சைக்கிளிலிருந்தோ விழுந்து தலையில் அடிபட்டவருக்கு, நினைவு தப்பாவிட்டாலும், ஸ்கேனில் குறை தெரியாவிட்டாலும் மூளை அதிர்வு இருக்கலாம். நாமோ அவரை மறுநாளே வேலைக்கு அனுப்புகிறோம். அல்லது வாரக்கணக்கில் இருட்டறையில் படுக்க வைக்கிறோம். இரண்டும் கேடு.

முதல் 24 முதல் 48 மணித்தியாலம் அளவான ஓய்வு போதும். பின்னர் சிறு நடை. தலையிடி கூடினால் குறைத்து, தணிந்ததும் கூட்டவேண்டும். வளர்ந்தவர்களில் பெரும்பாலானோர் இரு வாரங்களில் தேறுவர். தலைச்சுற்றும் கழுத்து நோவும் 10 நாட்களுக்கு மேல் நீடித்தால், இயன் மருத்துவரிடம் கழுத்துக்கும் உடற்சமநிலைக்குமான பயிற்சிகளைப் பெறவேண்டும். மரமேறுவது வைத்தியர் அனுமதித்த பின்னரே.

தொடர் வாந்தி, வலிப்பு, எழுப்பமுடியாத தூக்கம் கண்டால் 1990 அம்புலன்ஸை உடனே அழைப்போம்.

கூலி நின்ற வீட்டுக்கு அரிசியும் பருப்பும் சேர்த்துக் கொடுப்பது அன்பியத்தாராகிய நமது கடமை. இல்லாவிடின் அவர் குணமாகுமுன்பே மரமேறுவார்.