மோட்டார் சுடுகிறதா? கையை நம்பாதீர்கள்

அடுக்ககங்களுக்கு நீச்சல் குளம் வந்தபோதே பம்ப் ரூம் கைவைத்தியங்களும் வந்துவிட்டன. கோடையில், குளம் நிறையப் பிள்ளைகள் இருக்கும் நாளில்தான் மோட்டார் நிற்கும். ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். அவற்றில் பல மோட்டாரைக் கெடுப்பவை. ஒன்று உயிரையே எடுக்கக்கூடியது.

"கை வைக்க முடியவில்லை, காயில் போகப்போகிறது" என்பார்கள். 50 டிகிரியைத் தாண்டினாலே நம் கை தாங்காது. ‘எஃப்’ வகுப்பு இன்சுலேஷன் போட்ட காயில் 155 டிகிரி வரை தாங்கும். வெளிக்கூடு 60, 70 டிகிரியில் இருப்பது இயல்புதான். கவலைப்பட வேண்டியது கருகல் வாடைக்கும், புதிதாகக் கேட்கும் இரைச்சலுக்கும், சிறிது நேரம் ஓடித் தானே நின்று, ஆறியதும் தானே ஓடும் மோட்டாருக்கும்.

"ஃபில்டர் அடைத்தால் லோடு ஏறி மோட்டார் சுடும்." பழகிய மெக்கானிக்குகளே சொல்வது இது. ஆனால் குளத்தில் இருப்பது சென்ட்ரிஃபியூகல் பம்ப். தண்ணீர் ஓட்டம் குறைந்தால் அது இழுக்கும் ஆம்ப்ஸும் குறையும். டாங் டெஸ்டரை வயரில் மாட்டிக்கொண்டு டெலிவரி வால்வைக் கொஞ்சம் மூடிப் பாருங்கள், முள் இறங்கும். அதற்காக அடைப்பை விட்டுவைக்கக் கூடாது. தண்ணீர் போதாமல் ஓடினால் சீல் காய்ந்து கருகும். அதன் வழியே கசியும் குளோரின் தண்ணீர் ஷாஃப்டை ஒட்டி முன் பேரிங்குக்குப் போய் கிரீஸைக் கெடுக்கும். பேரிங் இறுகிய பிறகு மோட்டார் நிஜமாகவே சுடும். பம்பும் மோட்டாரும் சேரும் இடத்தில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் சீல் கசிகிறது என்று பொருள். அப்போதே மாற்றினால் சீல் செலவோடு போகும். தள்ளிப்போட்டால் ரீவைண்டிங் வரை இழுக்கும்.

ஈரச்சாக்கு போர்த்துவது கூடவே கூடாது. பெரும்பாலான குள மோட்டார்களைக் குளிர்விப்பது பின்னால் சுழலும் விசிறியின் காற்று. சாக்கு அந்தக் காற்றை மறிக்கும், ஈரம் டெர்மினல் பெட்டிக்குள் இறங்கும். விசிறி மூடியின் துளைகளில் படிந்த தூசியைத் தட்டி, மோட்டாருக்கு நிழல் கொடுங்கள். குளோரின் டப்பாக்களையும் அங்கிருந்து அகற்றுங்கள். அதன் ஆவி செம்பை அரிக்கும்.

பெரிய கெப்பாசிட்டர் போட்டால் பலம் கூடும் என்பதும் தவறு. பழையதில் எத்தனை மைக்ரோ ஃபாரட் என்று எழுதியிருக்கிறதோ அதுவே வேண்டும். கூடினால் துணைக் காயில் சூடேறும்.

வோல்டேஜைப் பலர் பார்ப்பதே இல்லை. 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 190தான் வந்தால், அதே வேலைக்கு மோட்டார் கூடுதல் ஆம்ப்ஸ் இழுத்துச் சுடும். மோட்டார் ஓடும்போது வோல்ட், ஆம்ப்ஸ் இரண்டையும் அளந்து நேம் பிளேட்டோடு ஒப்பிடச் சொல்லுங்கள்.

"அடிக்கடி ட்ரிப் ஆகிறது, ரிலே செட்டிங்கை ஏற்றிவிடு." உயிரை எடுக்கக்கூடியது இதுதான். செட்டிங்கை ஏற்றினால் மோட்டார் அளவு மீறிச் சுட்டாலும் ரிலே அதை நிறுத்தாது. தாங்கும் வரம்புக்கு மேல் 10 டிகிரி ஏறினாலே இன்சுலேஷனின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். கருகிய காயிலின் மின்சாரம் உடல் இரும்புக்கு வரும். எர்த் சரியில்லாவிட்டால் குளத்து நீரையும் கம்பி ஏணியையும் எட்டக்கூடும். ரிலேயை நேம் பிளேட் ஆம்ப்ஸிலேயே வையுங்கள். மின்கசிவு வந்ததும் சப்ளையை நிறுத்தும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். அதன் டெஸ்ட் பொத்தானை அழுத்தியும் சப்ளை நிற்கவில்லையென்றால், அதை மாற்றும்வரை யாரையும் குளத்தில் இறங்க விடாதீர்கள்.