வெள்ளத்தின் அளவும் அது நேரிடும் காலமும்

சென்னை வண்ணாரப்பேட்டைக்கு மேற்கே செல்லும் பக்கிங்காம் கால்வாய் வடக்கே எண்ணூர்க் கழியுடன் கலக்கிறது. கொசஸ்தலை ஆறும் அக்கழி வழியாகவே சமுத்திரத்தை அடைகிறது. ஆற்றில் வெள்ளமும் கடலில் ஏற்றமும் ஒருங்கே நேரிடின், கழி நீர் உயர்ந்து, கால்வாய் நீர் வடியாமல் தேங்கும். தாழ்ந்த நிலங்களும் வீதிகளும் முழுகும். 2015, 2023 ஆகிய இரு வருஷங்களிலும் டிசம்பர் மாதத்தில் சென்னையிலும் சுற்றுப்புறங்களிலும் பெருவெள்ளம் நேர்ந்தது. இடைவெளி 8 வருஷமாதலால் அடுத்தது 2031-இல் வரும் என்று கருதுவது பிழை. வெள்ளம் தவணை வைத்து வருவதில்லை.

அளவு: ஆறு நேராக ஓடும் இடத்தில் கரையோரமாக 100 அடி தூரத்தைக் குறித்துக்கொண்டு, மிதந்து செல்லும் மரத்துண்டு அதைக் கடக்கும் நேரத்தைக் கரையிலிருந்தே கணிக்க வேண்டும். 20 விநாடியாயின் மேல்நீரின் வேகம் விநாடிக்கு 5 அடி. அடிநீர் மெதுவாக ஓடுமாதலால் இதை 0.85-ஆல் பெருக்க, சராசரி வேகம் 4.25 அடியாகும். ஆற்றின் அகலம் 100 அடி, சராசரி ஆழம் 6 அடி எனின், உத்தேச வெள்ளம் விநாடிக்கு 2,550 கன அடி.

காலம்: ஒவ்வொரு வருஷத்திலும் கண்ட மிகப் பெரிய வெள்ளத்தை மட்டும் எடுத்து, பெரியது முதல் சிறியது வரை வரிசைப்படுத்துக. வருஷங்களின் தொகையுடன் ஒன்று கூட்டி, வரிசை எண்ணால் வகுத்தால் சராசரி இடைவெளி கிடைக்கும். 24 வருஷக் கணக்கில் முதலாவது வெள்ளத்திற்கு 25 வருஷம். ஐந்தாவதற்கு 5 வருஷம்.

25 வருஷ வெள்ளம் ஒருமுறை வந்துவிட்டால் 24 வருஷம் அச்சமில்லை என்பது இதன் பொருளன்று. அது எந்த வருஷத்திலும் வருவதற்கு நூற்றுக்கு 4 பங்கு இடமுண்டு. 25 வருஷத்திற்குள் ஒருமுறையேனும் வருவதற்கு நூற்றுக்கு 64 பங்கு இடமுண்டு. களஞ்சியமும் மாட்டுக்கொட்டிலும் கட்டுவோர் இதை மறத்தலாகாது.

எச்சரிக்கை: 1944-இல் பூண்டி நீர்த்தேக்கம் ஏற்பட்டபின், அதற்குக் கீழ்ப்பட்ட கொசஸ்தலையின் வெள்ளம் மழையை மட்டுமன்றி, அணையிலிருந்து விடப்படும் நீரையும் பொறுத்ததாயிற்று. ஆகையால் முந்திய கணக்கையும் பிந்திய கணக்கையும் ஒரே பட்டியலில் சேர்த்தல் கூடாது. சில வருஷக் கணக்கைக்கொண்டு நூறு வருஷ வெள்ளத்தை நிச்சயிப்பதும் தகாது.

கணக்கு நீண்டால்தான் மதிப்பு உறுதிப்படும். எனவே கிராம உத்தியோகஸ்தர்கள் ஒவ்வொரு பருவத்திலும் உச்ச நீர்மட்டத்தைப் பாலத்தூணிலோ நிலையான கல்லிலோ குறித்து, தேதியுடன் பதிந்து வருதல் அவசியம். நீர் வடிந்தபின் சுவரிலுள்ள சேற்றுக்கறை அடுத்த மழையில் அழிந்துவிடும். கல்லிலிட்ட குறி அடுத்த தலைமுறைக்கும் உதவும்.