தோல் காய்ந்ததும் ரெக்கார்டை அழுத்துங்கள்

கள்ளக்குறிச்சிப் பக்கம் கம்ப்யூட்டரில் இசை செய்ய ஆசைப்படும் பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது, "எந்த பிளகின் நல்லா இருக்கும்ணா?" என்றுதான். "என்ன பாட்டு பண்ணப்போற தம்பி?" என்று நான் திருப்பிக் கேட்பேன். மாரியம்மன் திருவிழாப் பாட்டுக்கு வேண்டிய கருவி வேறு, குறும்படத்தின் பின்னணிக்கு வேண்டியது வேறு. பாட்டு முடிவானால் கருவி தானாக முடிவாகிவிடும்.

நான் வேலை செய்வது எல்.எம்.எம்.எஸ். மென்பொருளில். 2004இல் தொடங்கிய இலவசத் திட்டம் அது. விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் ஓடும். நான்கு ஜிபி ரேம் உள்ள பழைய லேப்டாப்பும் தாங்கும். இடது ஓரத்தில் கருவிகளின் பட்டியல் இருக்கும். வேண்டியதைப் பிடித்து இழுத்து சாங் எடிட்டரில் விட்டால் ஒரு டிராக் வந்துவிடும். வெளியிலிருந்து எதையும் டவுன்லோட் செய்வதற்கு முன், கூடவே வரும் ஸைன்ஆட்சப்எஃப்எக்ஸ் ஒன்றையாவது முழுதாகப் பழகிக்கொள்ளுங்கள். அதிலேயே நூற்றுக்கணக்கான ஒலிகள் தயாராக இருக்கின்றன.

வெளி பிளகின்களை வெஸ்டீஜ் என்ற கருவி வழியாகத் திறக்க வேண்டும். 1.2 பதிப்பு விஎஸ்டி2 வகையை மட்டுமே ஏற்கும். 2008இல் வந்த விஎஸ்டி3 வகைக் கோப்பைக் கொடுத்தால் திறக்காது. கம்ப்யூட்டர் கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம். டவுன்லோட் பக்கத்திலேயே எந்த வகை என்று பார்த்துவிடுங்கள். கல்வராயன் மலையில் வெள்ளிமலை தாண்டினால் சிக்னலை நம்ப முடியாது. அடிக்கடி லாகின் கேட்கும் பிளகின் அங்கே உதவாது. ஊரிலேயே நெட்டை அணைத்துவிட்டு ஒருமுறை திறந்து பார்த்த பிறகு மேலே கொண்டுபோங்கள்.

சவுண்ட்ஃபாண்ட் கோப்புகளை எஸ்எஃப்2 பிளேயரில் ஏற்றலாம். பியானோ, வயலின் குழு, புல்லாங்குழலுக்கு அது போதும். ஆனால் இந்தக் கோப்புகளில் பல பின்பற்றும் ஜெனரல் மிடி வரிசை 1991இல் வகுக்கப்பட்டது. அதன் 128 ஒலிகளில் 105ஆவது சிதார், 112ஆவது ஷெனாய். நாகசுரம் இல்லை, வீணை இல்லை. பம்பை, உடுக்கை, பறை எதுவும் இல்லை. திரௌபதியம்மன் கோயிலில் விடிய விடியக் கூத்து பார்த்து வளர்ந்தவனுக்கு இது சின்ன விஷயமாகத் தோன்றவில்லை. இல்லாததை நாமே செய்துகொள்ளலாம் என்பதுதான் இந்த மென்பொருள்களின் பெரிய வரம். விலைக்கு விற்கிற தொகுப்புகளில் பறை கிடைக்கிறது. ஆனால் அது நம் பக்கத்து அடி இல்லை.

மலையில் பறை பதிவு செய்வது தனிக் கலை. குளிரும் ஈரமும் தோலைத் தளர்த்திவிடும்; சுருதி இறங்கி ஒலி மந்தமாகும். அதனால் வைக்கோலோ சருகோ கொளுத்தி அனலில் காய்ச்சுவார்கள். காய்ச்சிய சூட்டோடு பதிவு செய்ய வேண்டும். நான் மைக்கைச் சரிசெய்துகொண்டிருந்தபோது பெரியவர் ஒருவர், "தோலு ஆறிப்போச்சு தம்பி, காய்ச்சிட்டு வரேன், அதுக்குள்ள நீ தயாரா இரு" என்றார். அன்று முதல் கம்ப்யூட்டர் வேலை எல்லாவற்றையும் முடித்துவிட்டுத்தான் தோலைக் காய்ச்சச் சொல்கிறேன்.

அடிக்குச்சி தனியாக, சிண்டுக்குச்சி தனியாக, இரண்டும் சேர்ந்து என்று பிரித்து வாங்குங்கள். ஒவ்வொன்றிலும் மெல்ல, நடுத்தரமாக, ஓங்கி. அந்த ஒவ்வொரு அளவிலும் மூன்று நான்கு அடி. ஒரே அடியைத் திரும்பத் திரும்ப ஒலிக்கவிட்டால் இயந்திரம் அடிப்பது காதுக்கு உடனே தெரிந்துவிடும். அடிக்கும் அடிக்கும் நடுவே ஒலி முழுதாக அடங்கட்டும். நல்ல மைக் இல்லையென்றால் போனே போதும். வேவ் வடிவில் பதியுங்கள். காற்றுக்கு மறைவாக, சுவர் ஓரமாக இல்லாமல் உட்காருங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்புவதானால் டாக்குமென்டாக அனுப்புங்கள். வாய்ஸ் மெசேஜாகப் போனால் ஒலி சுருங்கி, பறையின் கூர்மையே போய்விடும்.

பிறகு ஆடாசிட்டி மென்பொருளில் ஒவ்வோர் அடியையும் தனியே வெட்டுங்கள். அடிக்கு முன்னால் இருக்கும் மௌனத்தை ஒட்ட நறுக்க வேண்டும், இல்லையென்றால் தாளம் பின்தங்கும். வெட்டியதை எல்.எம்.எம்.எஸ். கருவியான ஆடியோஃபைல்பிராசசரில் ஏற்றினால் கீபோர்டில் பறை பேசும். அடுத்தடுத்த டிராக்குகளில் வெவ்வேறு அடிகளை வைத்து மாற்றி மாற்றி ஒலிக்கவிடுங்கள்.

தாளத்தில் இன்னொன்று. பீட் எடிட்டர் திறந்ததும் பதினாறு கட்டம் காட்டும். அது சதுஸ்ரத்துக்கு வாகானது. நம் கும்மிப் பாட்டுகள் பல திஸ்ரத்தில் நடக்கும். வேலை தொடங்குவதற்கு முன்பே மேலே 4/4 என்பதை 6/8 ஆக்கிவிடுங்கள். ஒரு பாருக்குப் பன்னிரண்டு கட்டம் வரும். நாயனம் போன்ற ஒலிக்குக் கமகம் வேண்டுமானால் பியானோ ரோலில் டீட்யூன் முறை இருக்கிறது. ஒவ்வொரு சுரத்துக்கும் தனித்தனியாக வளைவு வரையலாம். பொறுமை வேண்டும். ஆனால் சுரத்திலிருந்து சுரத்துக்கு வழுக்கி ஏறும் அந்த நெளிவு இல்லாமல் நாயனம் நாயனமாகாது.

கீபோர்டை அழுத்தி ஒலி தாமதமாக வந்தால் பஃபரைக் குறையுங்கள். 44,100 சாம்பிள் வேகத்தில் 256 பஃபர் என்றால் சுமார் 6 மில்லிசெகண்ட், 1024 என்றால் 23. வாசிக்கும்போது குறைவாக, மிக்ஸ் செய்யும்போது அதிகமாக வைப்பதே என் வழக்கம். புளூடூத் ஹெட்செட்டை மட்டும் கழற்றிவிடுங்கள். அது சேர்க்கும் தாமதத்தை எந்த பஃபரும் சரிசெய்யாது. வயர் உள்ள சாதாரண இயர்போன் எவ்வளவோ மேல்.

கலைஞரின் அடி உங்கள் கம்ப்யூட்டருக்குள் வந்துவிட்டால், அவர் இல்லாமலேயே அவர் கைவேலை எத்தனையோ பாட்டில் ஒலிக்கும். எதற்குப் பயன்படுத்தப்போகிறோம் என்று முதலிலேயே சொல்லிச் சம்மதம் வாங்குங்கள். கச்சேரிக்குக் கொடுக்கும் கூலியை இதற்கும் கொடுங்கள், பாட்டு வெளியாகும்போது பெயர் போடுங்கள். ஃபோல்டருக்கும் அவர் பெயரையும் ஊர்ப் பெயரையும் வைத்து, அதைப் பாட்டுக் கோப்புக்குப் பக்கத்திலேயே சேமியுங்கள். ஃபோல்டரை வேறிடத்துக்கு மாற்றிவிட்டால் அடுத்த முறை திறக்கும்போது பாட்டில் பறை இருக்காது.