கோவளத்துக்குப் படுக்கத்தான் போனேன்

டெங்குவிலிருந்து எழுந்தவளைக் கடற்கரைக்குக் கூட்டிப்போவார்களா என்று என் நாத்தனார் இன்றைக்கும் வீடுவீடாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். கூட்டிப்போனது சரிதான். கேரளக் கோவளம் எனக்கு நல்லதே செய்தது. கெடுத்தது, துணைக்கு என்று சொல்லி அவரும் குடும்பத்தோடு கிளம்பி வந்ததுதான்.

ரயில், அறையெல்லாம் உங்களுக்கே தெரியும். டிசம்பரில் கடல் அடங்கியிருக்கும், ஜூனில் போகாதீர்கள், அவ்வளவுதான். சிக்கல் கூட வருகிறவர்களால்தான். தட்டணுக்கள் (பிளேட்லெட்) ஒன்றரை லட்சத்தைத் தாண்டிவிட்டால் உடம்பு தேறிவிட்டது என்று வீட்டில் எல்லோரும் முடிவு கட்டிவிடுகிறார்கள். எண்ணிக்கை சீக்கிரம் ஏறிவிடும். அசதி வாரக்கணக்கில் விடாது. "பிளேட்லெட்தான் ஏறிடுச்சே அண்ணி, படுத்துக் கிடக்கவா இவ்வளவு தூரம் வந்தோம்?" என்று நாத்தனார் காரை வரவழைத்துவிட்டார். காலையில் பத்மநாபசுவாமி கோயில் வரிசை, பிறகு பத்மநாபபுரம் அரண்மனை, சாயங்காலம் கன்னியாகுமரி என்று திட்டம். அரண்மனையின் செங்குத்தான மரப்படியில் எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. அப்படியே உட்கார்ந்துவிட்டேன். மிச்ச நாளெல்லாம் எழுந்து குளிக்கவே தெம்பில்லை. ஆமாம், படுக்கத்தான் வந்திருந்தேன்!

ஆகவே கணவரோ அம்மாவோ, ஒருவரை மட்டும் கூட்டிப்போங்கள். மற்றவர்களுக்குத் திரும்பி வந்தபின் சொன்னால் போதும்.

கோவளம் மேடும் பள்ளமுமான ஊர். கடல் தெரியுமா என்று கேட்பதற்கு முன், அறைக்கு எத்தனை படி என்று கேளுங்கள். கரை மேற்குப் பார்த்தது. பின்னால் மேடும் தென்னையும் இருப்பதால் காலையில் வெயில் தாமதமாகத்தான் மணலுக்கு வரும். அந்த நேரத்தில் ஈரமணலில் கொஞ்சம் நடக்கலாம், கால் புதையாது. கலங்கரை விளக்கத்தைக் கீழேயிருந்து பார்த்தால் போதும். பஃபே வேண்டாம். கஞ்சியும் பயறும் கேளுங்கள். எங்கள் விடுதிச் சமையல்காரர் முகம் மலர்ந்து செய்து தந்தார். பதிமுகம் என்னும் மரத்துண்டு போட்டுக் காய்ச்சிய இளஞ்சிவப்புத் தண்ணீர் வாய்க்கசப்புக்கு இதமாக இருந்தது.

ஒருமுறை வந்தாயிற்றே என்று கொசுவை அசட்டை செய்யாதீர்கள்; டெங்குவில் நான்கு வகை உண்டு. ஒன்று வந்தவரை இன்னொன்று தொற்றினால் ஆபத்து கூடும். டெங்குவைப் பரப்பும் கொசு கடிப்பது பகலில். எங்கள் பால்கனிப் பூந்தொட்டித் தட்டில் தண்ணீர் தேங்கியிருந்தது; ஆளைக் கூப்பிட்டுக் கொட்டச் சொன்னேன். "என்ன நினைப்பாங்க?" என்றார் நாத்தனார். என்னவோ நினைக்கட்டும். அறைக்குள் நுழைந்ததும் முதல் வேலையாகத் தேங்கிய தண்ணீரைக் கொட்டச் சொல்லுங்கள். பகல் தூக்கத்துக்கும் கொசுவலை கேட்டு வாங்குங்கள்.