தோட்டக் கிணறும் தன்னியக்கக் கணினியும்
மெய்நிகர் இயந்திரத்தில் வீட்டுத் தன்னியக்க மென்பொருளை இயக்கும் முறை

மட்டக்களப்பு வாவிக்கும் வங்காள விரிகுடாவுக்கும் இடையே கிடக்கும் எழுவான்கரை ஒடுங்கிய மணற்றரையாகும். இங்கு கத்தரி, மிளகாய், வெண்டி, வெங்காயம், கீரை முதலியவற்றைச் செய்கை பண்ணுவோர் பெரும்பாலும் ஆழமற்ற கிணறுகளையே நம்பியுள்ளனர். மணல் நீரை நெடுநேரம் பிடித்து வைப்பதில்லை. கச்சான் காற்று வீசும் மாதங்களில் காலையில் இறைத்த ஈரம் மாலைக்குள் குறைந்துவிடும். ஆதலால் சிறிது சிறிதாக, அடிக்கடி, குறித்த வேளையில் நீர் இறைத்தல் அவசியமாகின்றது. இவ்வேலையை வீட்டிலுள்ள கணினியின் பொறுப்பில் விடலாமா எனக் கமக்காரர் வினவலாம். விடலாம். ஆயினும் எதனை விடலாம், எதனை விடலாகாது என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

கிணற்றின் இயல்பு

மணலுள் இறங்கும் மழைநீர், கீழேயுள்ள உவர்நீரின்மேல் மிதந்து நிற்கின்றது. நன்னீர் உவர்நீரிலும் பாரங் குறைந்தது என்பதே இதற்குக் காரணம். கிணற்று நீர்மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் 1 அடி உயர்ந்து நின்றால், அதன் கீழே ஏறக்குறைய 40 அடி ஆழத்துக்கு நன்னீர் இருக்கும் என்பது நிலத்தடி நீர் ஆய்வாளர் கண்ட பொதுக் கணக்கு. இக்கணக்குக்கு மறுபக்கமும் உண்டு. நீர்மட்டம் சிறிதளவு தாழ்ந்து அந்நிலை நீடிக்குமாயின், கீழேயுள்ள உவர்நீர் அதனிலும் பன்மடங்கு மேலெழ முற்படும்.

பம்பியை நிறுத்தாது விட்டால் நேரும் நட்டம் மின்சாரக் கட்டணத்தோடு முடிவதில்லை. கிணறு உவராகக்கூடும். அவ்வாறு உவரான கிணறு, மாரி மழை பெய்து உப்பைக் கீழே தள்ளும் வரை பயிருக்கு உதவாது. எனவே, பம்பியை வேளைக்குத் தொடக்குவதிலும் தவறாமல் நிறுத்துவதே பெரிய காரியம். இப்பிரசுரத்திற் கூறப்படும் முறைகள் யாவும் இந்த ஒரு விதியைத் தழுவியவை.

மெய்நிகர் இயந்திரம் என்பது யாது?

பெரிய வயலொன்றில் வரம்பு கட்டி ஒரு பகுதியைப் பிரித்தால், அப்பகுதிக்குத் தனி நீரும் தனிப் பயிரும் வைத்துக்கொள்ளலாம். அதுபோலவே, ஒரு கணினியின் நினைவகத்திலும் சேமிப்பிலும் ஒரு பங்கைப் பிரித்து, அதனுள் வேறொரு முழுக்கணினி இருப்பதுபோல் இயங்கச் செய்யலாம். இதுவே மெய்நிகர் இயந்திரம். இது புதிய கருத்தன்று. ஐ.பி.எம். நிறுவனம் தன் பெருங்கணினிகளுக்கு இத்தகைய ஒழுங்கை 1972 ஆம் ஆண்டிலேயே விற்பனைக்குக் கொணர்ந்தது. இன்று வெர்ச்சுவல் பொக்ஸ் போன்ற இலவச மென்பொருளால் சாதாரண வீட்டுக் கணினியிலும் இது கைகூடுகின்றது.

வீட்டுத் தன்னியக்க மென்பொருள்களுள் ஹோம் அசிஸ்டன்ட் என்பது பலராலும் பயன்படுத்தப்படுவது. பவுலஸ் ஸ்கவுட்சன் என்பவர் 2013 இல் இதனைத் தொடக்கினார். 2024 முதல் இலாப நோக்கற்ற அறநிறுவனம் ஒன்று இதனைப் பரிபாலிக்கின்றது. இது விலையின்றிக் கிடைப்பது. வீட்டினுள்ளேயே இயங்குவதால், இணையத் தொடர்பு அறுந்தாலும் உள்ளூர் வைஃபை வேலை செய்யும் வரை தன் கடமையைச் செய்யும்.

இம்மென்பொருளை அதற்குரிய பணிசெயல் முறைமையுடன் நேரடியாக நிறுவினால் அது கணினி முழுவதையும் தனதாக்கிக்கொள்ளும். பிள்ளைகளின் படிப்புக்கும் வீட்டுக் கணக்குக்கும் உதவும் கணினியை அவ்வாறு கொடுத்துவிட இயலாது. மெய்நிகர் இயந்திரத்தில் நிறுவினால் இரண்டும் அருகருகே இயங்கும். ஒன்றிற் பிழை நேர்ந்தால் மற்றையது கெடுவது அரிது.

நிறுவும் முறை

1. கணினியில் ஆகக் குறைந்தது 8 ஜிகாபைட் நினைவகம் இருத்தல் நன்று. அதில் 2 ஜிகாபைட், செயலியில் இரு பங்கு, சேமிப்பில் 32 ஜிகாபைட் ஆகியவை மெய்நிகர் இயந்திரத்துக்கு ஒதுக்கப்படல் வேண்டும்.

2. கணினி தொடங்கும்போது தோன்றும் அடிப்படை அமைப்புப் பக்கத்தில், செயலியின் மெய்நிகராக்க வசதி திறக்கப்பட்டிருக்கின்றதா எனப் பார்க்க. அது மூடப்பட்டிருந்தால் மெய்நிகர் இயந்திரம் தொடங்காது.

3. வெர்ச்சுவல் பொக்ஸை நிறுவி, ஹோம் அசிஸ்டன்ட் தளத்திலிருந்து அதற்கென ஆக்கப்பட்ட வட்டுக் கோப்பைப் பெறுக. புதிய இயந்திரம் ஒன்றை உண்டாக்கி, லினக்ஸ் 64 பிட் வகையைத் தெரிந்து, அக்கோப்பையே அதன் வட்டாக இணைக்க.

4. அமைப்புப் பகுதியில் ஈ.எஃப்.ஐ. என்னும் தெரிவை இயக்குக. இதனை மறந்தால் இயந்திரம் கரிய திரையோடு நின்றுவிடும்.

5. வலையமைப்புப் பகுதியில் பாலமிட்ட இணைப்பு என்னும் வகையைத் தெரிக. வரம்பு கட்டிய பகுதிக்குத் தனி வக்கடை வைப்பது போன்றது இது. இவ்வாறு செய்தாலன்றிப் பம்பிக் கருவியும் மென்பொருளும் ஒன்றையொன்று எளிதிற் காணமாட்டா.

6. இயந்திரத்தைத் தொடக்கிச் சில நிமிடம் பொறுத்திருக்க. திரையில் ஒரு முகவரி தோன்றும். அதனையும் 8123 என்னும் வாயில் எண்ணையும் உலாவியில் இட்டால் மென்பொருளின் முதற்பக்கம் திறக்கும்.

7. கணினி உறங்கும் வசதியை நிறுத்திவிடுக. கணினி உறங்கினால் அதனுள்ளிருக்கும் இயந்திரமும் உறங்கிவிடும். மின்சாரம் மீண்டதும் கணினி தானே எழவும், மெய்நிகர் இயந்திரம் தானே தொடங்கவும் ஒழுங்கு செய்க.

மின்செலவையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். 60 வாட் கொள்ளும் பழைய கணினி இரவுபகலாக இயங்கினால் மாதத்துக்கு ஏறக்குறைய 43 அலகு செலவாகும். 10 வாட் கொள்ளும் சிறு கணினிக்கு 7 அலகு போதும். பழைய கணினி என்பதற்காக அது செலவற்றதென்று கருதலாகாது.

பம்பியருகே இருக்க வேண்டிய காவல்

மெய்நிகர் இயந்திரம் எந்நேரமும் நிற்கக்கூடியது. விண்டோஸ் தன்னைப் புதுப்பித்து மறுபடி தொடங்கும். பிள்ளைகள் அறியாமற் கணினியை அணைப்பர். மின்சாரம் தடைப்படும். 2022 இல் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு இருந்ததையும், 2025 பெப்ரவரி 9 ஆந் திகதி நாடு முழுவதும் இருளடைந்ததையும் நாம் மறக்கவில்லை. "பம்பியைத் தொடக்கு" என்ற கட்டளைக்கும் "நிறுத்து" என்ற கட்டளைக்கும் இடையில் கணினி நின்றுபோனால் யாது நிகழும்? நிறுத்தும் விதி கணினியில் மட்டும் இருந்தால் பம்பி ஓடிக்கொண்டேயிருக்கும்.

ஆகையால் நிறுத்தும் விதியைப் பம்பியருகேயுள்ள சிறு கருவியிலேயே எழுதி வைத்தல் வேண்டும். ஈ.எஸ்.பி. 32 என்னும் மலிவான சில்லும், அதனை நெறிப்படுத்தும் ஈ.எஸ்.பி. ஹோம் என்னும் மென்பொருளும் இதற்குப் பொருத்தமானவை. அதில் மூன்று காவல்கள் இருக்கட்டும்.

முதலாவது: மின்சாரம் போய் மீண்டால், கருவி எப்பொழுதும் "நிறுத்தம்" என்ற நிலையிலேயே தொடங்க வேண்டும். ஈ.எஸ்.பி. ஹோம் கருவி 15 நிமிடம் தலைமை மென்பொருளின் தொடர்பின்றி இருந்தால் தன்னைத்தானே மறுபடி தொடக்குமாறு வழமையில் அமைந்துள்ளது. இதன் பொருட்டும் இக்காவல் தேவை.

இரண்டாவது: யார் தொடக்கினாலும், குறித்த நிமிடம் கழிந்ததும் கருவி தானே பம்பியை நிறுத்த வேண்டும்.

மூன்றாவது: கிணற்றினுள் மிதவை ஆளி ஒன்று தொங்கவிடப்படல் வேண்டும். நீர்மட்டம் குறித்த அளவுக்குத் தாழ்ந்ததும் அது மின்னோட்டத்தை நேரே துண்டிக்கும். இதற்குக் கணினியும் வேண்டியதில்லை, வைஃபையும் வேண்டியதில்லை.

பம்பி மோட்டர் தொடங்குகையில் வழமையினும் பன்மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். சிறு ரிலேயை நேரே மோட்டரோடு இணைத்தால் அதன் முனைகள் உருகி ஒட்டிக்கொள்ளக்கூடும். பின்னர் அது நிறுத்தவே நிறுத்தாது. ஆகவே, ரிலே ஒரு கொன்டக்டரை இயக்க, கொன்டக்டர் மோட்டரை இயக்குமாறு அமைத்தல் வேண்டும். இவ்விணைப்பைத் தகுதிபெற்ற மின்வேலையாளரே செய்தல் வேண்டும். ட்ரிப் சுவிட்ச் இன்றி ஈரத் தோட்டத்தில் எந்த மின்கருவியையும் வைத்தலாகாது. கையால் நிறுத்தும் ஆளியும் எட்டும் இடத்தில் இருக்கட்டும்.

நிமிடத்தைக் கணக்கிடும் முறை

பம்பியின் நீரை 200 லீற்றர் பீப்பாயில் விட்டுப் பார்க்க. அது 80 செக்கனில் நிரம்பினால், நிமிடத்துக்கு 150 லீற்றர் வருகின்றது என்பது கணக்கு. 20 பேர்ச் தோட்டம் ஏறக்குறைய 506 சதுர மீற்றர். அதற்கு 5 மில்லிமீற்றர் ஆழத்துக்கு நீர் விட 2,530 லீற்றர் வேண்டும். அதாவது 17 நிமிடம். இதற்குக் கணினியின் கட்டளையை 17 நிமிடமாகவும், பம்பியருகேயுள்ள கருவியின் உச்ச எல்லையை 20 நிமிடமாகவும் வைக்கலாம். அவரவர் பம்பிக்கும் தோட்டத்துக்கும் ஏற்ப இதனைக் கணக்கிட்டுக் கொள்க.

அந்நேரத்தில் கிணற்று நீர் எவ்வளவு இறங்குகின்றது, மீண்டும் ஊற எவ்வளவு நேரம் ஆகின்றது என்பதைக் கயிற்றில் முடிச்சிட்டு அளந்து குறித்து வைக்க. ஊறுமுன் மறுபடி இறைத்தலாகாது. மண்ணின் ஈரத்தை அளக்கும் கருவியையும் மென்பொருளோடு இணைத்தால், மழை பெய்த நாளில் வீணே நீர் இறைப்பதைத் தவிர்க்கலாம். இதற்கு, உலோக முனைகள் வெளியே தெரியாத மின்கொள்ளளவு வகையே நன்று. முனைகள் வெளியே தெரியும் வகை உவர் மண்ணில் விரைவில் அரித்துப்போகும்.

மூன்று சோதனைகள்

எல்லாம் அமைத்தபின், பகல் வேளையில், பம்பி ஓடிக்கொண்டிருக்கும்போது பின்வருவனவற்றை ஒவ்வொன்றாகச் செய்க.

அ. மெய்நிகர் இயந்திரத்தை அணைக்க. உச்ச எல்லை வந்ததும், அல்லது அதற்கு முன்னரே, பம்பி நிற்க வேண்டும்.

ஆ. வைஃபைக் கருவியின் மின்சாரத்தைப் பிடுங்குக. அப்பொழுதும் அவ்வாறே நிற்க வேண்டும்.

இ. பிரதான மின்னாளியை அணைத்து மீண்டும் போடுக. பம்பி தொடங்காதிருக்க வேண்டும்.

மூன்றிலும் தேறாத அமைப்பிடம் தோட்டத்தை ஒப்படைத்து ஊருக்குப் போதலாகாது. ஒவ்வொரு போகத் தொடக்கத்திலும் இச்சோதனைகளைத் திரும்பச் செய்க.

பிரதி எடுத்தலும் பாதுகாப்பும்

விதைநெல் முழுவதையும் ஒரே கூட்டில் வைப்பவர் இல்லை. மெய்நிகர் இயந்திரத்தின் நிலையை அவ்வப்போது படமெடுத்து வைக்கும் வசதி வெர்ச்சுவல் பொக்ஸில் உண்டு. புதுப்பித்தலுக்கு முன் அது உதவும். ஆனால் அப்படமும் அதே வட்டிலேயே கிடப்பதால், வட்டு பழுதானால் இரண்டும் போய்விடும். ஆகவே ஹோம் அசிஸ்டன்டின் காப்புப்பிரதியை வாரம் ஒருமுறை வேறொரு யூஎஸ்பி சேமிப்பில் எடுத்து வைக்க. அப்பிரதியைத் திறக்கும் இரகசியக் குறியைத் தாளில் எழுதிப் பத்திரப்படுத்துக. அப்பிரதி இருந்தால் வேறு கணினியில் புதிய இயந்திரம் ஒன்றை உண்டாக்கி, பழைய ஒழுங்கை அன்றே மீட்டுக்கொள்ளலாம். மெய்நிகர் இயந்திரத்தின் பெரும்பயன் இதுவே. வெளியூரிலிருந்து பார்ப்பதற்கென 8123 வாயிலை இணையத்துக்குத் திறந்து வைத்தலாகாது.

நெற்செய்கையாளருக்கு

படுவான்கரையில் உன்னிச்சைக் குளம் முதலியவற்றின் வாய்க்கால் நீரால் வேளாண்மை செய்வோருக்கு இவ்வமைப்பு அவசியமன்று. வீட்டு வைஃபை அவ்வளவு தூரம் எட்டவும் மாட்டாது. நீர் இறைத்து நெற்செய்கை பண்ணுவோர், துளையிட்ட குழாயொன்றை வயலில் நட்டு, நீர் தரைமட்டத்துக்குக் கீழ் 15 சென்ரிமீற்றர் இறங்கியபின் மீண்டும் பாய்ச்சலாம். பூக்கும் பருவத்தில் மாத்திரம் வயலில் நீர் தேங்கி நிற்க வேண்டும். இதனைக் கண்ணாற் பார்த்தறிவதே போதுமானது.

கணினி நல்ல வேலையாள். நேரந் தவறாது நீர் விடும். ஆயினும் கிணற்றின் காவலை அதனிடம் மட்டும் விடலாகாது. தொடக்குவதைக் கணினிக்கும், நிறுத்துவதைப் பம்பியருகேயுள்ள கருவிக்கும் மிதவைக்கும் பங்கிட்டு வைப்பவரின் கிணறு கோடை முழுவதும் நன்னீர் தரும். மேலும் விளக்கம் வேண்டுவோர் தத்தம் பகுதிக் கமநல சேவை நிலையத்திலுள்ள விவசாயப் போதனாசிரியரை அணுகுக.