அருங்காட்சியகங்களில் பழங்குடிக் கலை: இடமும் பெயரும்

நமது அருங்காட்சியகங்களின் பகுப்புமுறை ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் உருவானது. 1814இல் கல்கத்தாவில் ஆசியக் கழகம் தொடங்கிய அருங்காட்சியகமும், 1851இல் சென்னையில் நிறுவப்பட்ட அரசு அருங்காட்சியகமும் பின்னர் வந்தவற்றிற்கு முன்மாதிரிகளாயின. கற்சிற்பமும் செப்புத் திருமேனியும் தொல்லியல், கலைப் பிரிவுகளைச் சேர்ந்தன. பழங்குடி மக்கள் செய்த மரச்சிற்பமும் முகமூடியும் அணிகலனும் வில், அம்பு, மீன்கூடை ஆகியவற்றுடன் மானிடவியல் பிரிவிற்குச் சென்றன.

இப்பகுப்பின் விளைவு விளக்க அட்டையிலேயே புலப்படும். சோழர் காலத் திருமேனியை வார்த்த ஸ்தபதியின் பெயரும் பெரும்பாலும் நமக்குக் கிட்டவில்லை என்பது உண்மையே. எனினும் நூற்றாண்டும் அரசமரபும் கலைப்பாணியும் அட்டையில் இடம்பெறுவதால் அது வரலாற்றில் ஓர் இடம் பெறுகிறது. பழங்குடிப் பொருளின் அட்டையிலோ இனத்தின் பெயரும் மாவட்டத்தின் பெயரும் மட்டுமே காணப்படும். காலம் குறிக்கப்படாத பொருளைக் காணும் மாணவர், அதைச் செய்த மக்களுக்கு வரலாறே இல்லை என்று கருதிவிட இடமுண்டு.

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் அட்டவணைப் பழங்குடியினர் 10.43 கோடிப் பேர். இது மொத்த மக்கள்தொகையில் 8.6 விழுக்காடாகும். அறிவிக்கை செய்யப்பட்ட சமூகங்கள் 700க்கும் மேற்பட்டவை. ஒவ்வொன்றிற்கும் ஓர் அறை ஒதுக்க எந்த அருங்காட்சியகத்தாலும் இயலாது. அறைகளின் எண்ணிக்கையைக் கொண்டு பிரதிநிதித்துவத்தை அளப்பதில் பொருளில்லை. எத்தகுதியுடன் பொருள் வைக்கப்படுகிறது, யாருடைய பெயரில் வைக்கப்படுகிறது, அதன் பயன் யாரைச் சேர்கிறது என்பவையே ஆராயத்தக்கவை.

போபால் அனுபவம்

இவ்வகையில் துணிவான முயற்சி மத்தியப் பிரதேசத்தில் மேற்கொள்ளப்பட்டது. போபால் நகரின் பெரிய ஏரிக்கரையில், கட்டடக் கலைஞர் சார்லஸ் கொரியா வடிவமைத்த பாரத் பவன் 1982 பிப்ரவரி 13 அன்று திறக்கப்பட்டது. அதன் ரூபங்கர் கலைக்கூடத்திற்குப் பொறுப்பேற்ற ஓவியர் ஜே. சுவாமிநாதன், இளம் கலைஞர்களைக் குழுக்களாக மாநிலத்தின் சிற்றூர்களுக்கு அனுப்பி ஓவியங்களையும் சிற்பங்களையும் திரட்டச் செய்தார். நகர்ப்புற நவீன ஓவியமும் பழங்குடி ஓவியமும் ஒரே கூரையின்கீழ் சம மதிப்புடன் வைக்கப்பட்டன. இவ்விரண்டும் ஒரே காலத்தில் வாழும் மனிதர்கள் படைத்தவையாதலால் இரண்டுமே சமகாலக் கலைதாம் என்பது அவர் கொள்கை.

அக்குழுக்களின் பயணத்தால் வெளியுலகிற்கு அறிமுகமானவர், பாட்டன்கட் என்னும் சிற்றூரைச் சேர்ந்த ஜங்கர் சிங் ஷ்யாம். அவர் பிறந்த பர்தான் சமூகத்தினர், கோண்டு குடும்பங்களின் வமிச வரலாற்றையும் தெய்வக் கதைகளையும் பாணா என்னும் நரம்பிசைக் கருவியுடன் பாடி, அக்குடும்பங்கள் அளிக்கும் கொடையால் வாழ்ந்தவர்கள். கொடை குன்றியபோது அப்பாட்டும் குன்றியது. பாட்டில் வாழ்ந்த தெய்வங்களையும் விலங்குகளையும் ஜங்கர் சிங் தாளிலும் துணியிலும் தீட்டினார். 1989இல் பாரிஸ் நகரில் நடைபெற்ற உலகக் கலைக் கண்காட்சியில் அவருடைய ஓவியங்கள் இடம்பெற்றன. அவருடைய உறவினர் பலரும் போபாலுக்கு வந்து அத்தொழிலையே மேற்கொண்டனர். அவர் பெயராலேயே அந்தப் பாணி 'ஜங்கர் கலம்' என வழங்கப்படலாயிற்று. பூரி பாய் என்னும் பில் இனப் பெண்மணி, பாரத் பவன் கட்டுமானத்தில் கூலியாளாகப் பணிபுரிந்தபோது சுவாமிநாதனின் தூண்டுதலால் வரையத் தொடங்கியவர். 2021இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

இம்முறைக்கும் வரம்பு உண்டு. குஜராத்தின் ராட்வா மக்கள் வீட்டுச் சுவரில் தீட்டும் பித்தோரா ஓவியம் இதற்குச் சான்று. நேர்த்திக்கடன் நிறைவேறும் பொருட்டு அது வரையப்படுகிறது. பட்வா எனப்படும் பூசாரி ஒவ்வோர் உருவத்தையும் பார்த்து, உரிய தெய்வங்கள் உரிய இடத்தில் அமைந்துள்ளன என்று ஏற்ற பின்னரே சடங்கு நிறைவுறும். கலைக்கூடச் சுவரில் இடம்பெறும் பித்தோராவில் குதிரைகள் இருக்கும், நேர்த்திக்கடன் இராது. அதை விளக்க அட்டை சொல்லியாக வேண்டும். அழகுக்காக வரையப்பட்ட சுவர்ச் சித்திரம் என்று பார்வையாளர் எண்ணிச் செல்வாராயின் அருங்காட்சியகம் தன் கடமையில் பாதியைத்தான் செய்ததாகும்.

பராமரிப்புச் செலவு

அதே போபாலில் சுமார் 200 ஏக்கர் பரப்பில் அமைந்துள்ள இந்திரா காந்தி தேசிய மானுட அருங்காட்சியகம் வேறொரு வழியைக் கையாண்டது. 1977இல் தொடங்கப்பட்ட இந்நிறுவனத்தின் திறந்தவெளியில் பல்வேறு பழங்குடியினரின் வீடுகள் உள்ளன. நீலகிரியின் தோடர் குடிலும் அவற்றுள் ஒன்று. அந்தந்தச் சமூகத்தினரே வந்து, தமக்குரிய பொருள்களைக் கொண்டு அவற்றைக் கட்டினர். மண்ணும் மூங்கிலும் புல்லும் நெடுங்காலம் நில்லா. கூரையைப் புதுப்பிக்க மீண்டும் அம்மக்களே வரவேண்டியுள்ளது. இதனை வீண்செலவு எனக் கணக்கர் கருதக்கூடும். உண்மையில், கட்டும் திறன் அடுத்த தலைமுறைக்குச் செல்வதற்கு இச்செலவே வாய்ப்பளிக்கிறது.

நமது வரவு செலவுத் திட்டங்களில் கட்டடம் எழுப்ப மூலதன ஒதுக்கீடு கிடைப்பது எளிது, ஆண்டுதோறும் பேணுவதற்குக் கிடைப்பது அரிது. அதன் விலையை மிதிலை ஓவியம் கொடுத்துள்ளது. புதுதில்லிக் கைவினை அருங்காட்சியகத்தில் கங்கா தேவி தம் கைப்படத் தீட்டியிருந்த கோபர் கர் என்னும் மணவறைச் சுவரோவியம், 2015இல் சீரமைப்புப் பணியின்போது அழிந்தது. அவர் 1991இலேயே காலமாகிவிட்டார். எனவே அதனை மீண்டும் தீட்டுவோர் எவருமில்லை. ஒரு சிற்றோவியத்திற்கோ செப்புத் திருமேனிக்கோ இத்தகைய நிலை நேர விட்டிருப்பார்களா என்ற வினா எழுவது இயல்பே.

பெயரும் உரிமையும்

பெயரைக் குறிப்பது மரியாதையைப் பற்றிய செய்தி மட்டுமன்று, பொருளாதாரச் செய்தியுமாகும். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 1994இல் சேர்க்கப்பட்ட 53அ பிரிவின்படி, மூல ஓவியமோ சிற்பமோ 10,000 ரூபாய்க்கு மேற்பட்ட விலைக்கு மறுவிற்பனையாகும்போது, படைத்தவரோ அவர்தம் வாரிசோ அவ்விலையில் 10 விழுக்காட்டிற்கு மேற்படாத பங்கைக் கோரலாம். கொள்முதல் பதிவேட்டில் 'கோண்டு ஓவியம், மண்டலா மாவட்டம்' என்று மட்டும் எழுதப்பட்டிருப்பின் இவ்வுரிமையை யார் கோருவது? மத்தியப் பிரதேசக் கோண்டு ஓவியத்திற்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது நன்றே. ஆயினும் அது சமூகத்திற்குரிய பாதுகாப்பு, தனி ஓவியரின் உரிமைக்கு அது ஈடாகாது.

ஆகவே அருங்காட்சியகப் பதிவேட்டில் சில கூடுதல் பத்திகள் தேவை: படைத்தவரின் பெயர், ஊர், வரைந்த ஆண்டு, அளித்த விலை, அப்பொருளுக்கு அவர் தம் மொழியில் வழங்கும் பெயர். புதிதாக வாங்கப்படும் பொருள்களுக்கு இது எளிது. பெயரின்றி ஏற்கெனவே சேர்க்கப்பட்டவற்றின் நிழற்படங்களை அவை திரட்டப்பட்ட ஊர்களுக்கே எடுத்துச் சென்று முதியோரிடம் காட்டினால், இன்ன வீட்டார் வரைந்தது, இன்ன திருவிழாவிற்குச் செய்தது என்று அடையாளம் கூறுவோர் இன்னும் உள்ளனர். 1980களில் திரட்டப்பட்ட பொருள்களைச் செய்தோர் பலர் இப்போது எழுபது வயதைக் கடந்திருப்பர். ஒரு காப்பாட்சியரும் அம்மொழி அறிந்த ஓர் இளைஞரும் மேற்கொள்ளும் பயணத்திற்கு ஆகும் செலவு, ஒரு காட்சிக் கூடத்தைக் குளிர்சாதனம் செய்வதற்கு ஆகும் செலவைவிடக் குறைவு.