பயிற்சிக்கும் ஒரு கியூப் டெஸ்ட் வேண்டும்



சிவில் பிரிவுக்காரர்களுக்கு இது பழைய பாடம். மற்ற பிரிவு நண்பர்களுக்காகச் சொல்கிறேன். கான்கிரீட் கலக்கிற இடத்திலேயே ஒரு சோதனை செய்வோம், ஸ்லம்ப் டெஸ்ட் என்று பெயர். 30 செ.மீ. உயரக் கூம்பில் கலவையைப் போட்டுக் குத்தி, கூம்பைத் தூக்கினால் கலவை எவ்வளவு இறங்குகிறது என்று பார்ப்பது. சில நிமிஷ வேலைதான். அதே கலவையை 15 செ.மீ. அச்சில் போட்டு, தண்ணீரில் ஊற வைத்து, 28-ஆம் நாள் மெஷினில் வைத்து நசுக்கிப் பார்ப்பது கியூப் டெஸ்ட். ஸ்லம்ப் சரியாக வந்துவிட்டது என்பதற்காக எந்த இன்ஜினியரும் தூண் தாங்கும் என்று கையெழுத்துப் போட மாட்டார் (ஒழுங்கான இன்ஜினியரைச் சொல்கிறேன்!).

ஆனால் மனிதர்களுக்குக் கொடுக்கிற பயிற்சியை மட்டும் நாம் ஸ்லம்ப் டெஸ்டோடு விட்டுவிடுகிறோம். அதிலும் ஆபத்து நேரத்தில் முதலில் வந்து நிற்கிறவர்கள் இருக்கிறார்களே, போலீஸ், தீயணைப்பு, 108 ஆம்புலன்ஸ், மீட்புப் படை, நம்மைப் போன்ற தொண்டர்கள், இவர்களுக்குப் 'பெண்களுக்கு எதிரான வன்முறையைத் தடுப்பது எப்படி' என்று வகுப்பு எடுக்கிறார்கள். அந்த வகுப்பால் ஏதாவது நடந்ததா என்று எப்படி அளப்பது? இதுதான் என் கட்டுரை. பாலிடெக்னிக் மலரில் இது எதற்கு என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது.

2024-இல் நான் முதலாம் ஆண்டில் சேர்ந்த புதிதில், தொண்டர்களுக்கான ஒரு நாள் பயிற்சிக்குப் போனேன். யார் நடத்தியது என்பது இங்கே வேண்டாம். முதலுதவி, கயிறு கட்டுவது, பிறகு பெண்கள் குழந்தைகள் பாதுகாப்பு பற்றி ஒரு மணி நேரம். கடைசியில் ஒரு தாள் கொடுத்து 'பயிற்சி எப்படி இருந்தது' என்று டிக் அடிக்கச் சொன்னார்கள். 'மிக நன்று' என்று அடித்தேன். உண்மையைச் சொன்னால் மதியச் சாப்பாட்டுக்குத்தான் அந்த டிக். சான்றிதழ் கொடுத்தார்கள். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அம்மா அந்தச் சான்றிதழைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார்கள்.

அந்த வருஷம் நவம்பர் 30-ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் நம் ஊர் அருகே கரையைக் கடந்தது. ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் மழை. கிருஷ்ணா நகர்ப் பக்கம் மக்களை மீட்க ராணுவமே வந்தது, உங்களுக்கே தெரியும். எங்கள் வீட்டிலும் தண்ணீர் புகுந்தது. பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய்த் தங்க வைத்தார்கள். நான் தொண்டன் அல்லவா? சாப்பாட்டுப் பொட்டலம் கொடுத்தேன், தாத்தா பாட்டிகளைக் கைப்பிடித்து நடத்தினேன். ரொம்பப் பெருமையாக இருந்தது.

மறுநாள் காலை அம்மாவுக்குத் தலைசுற்றல். என்ன என்று கேட்டால், "நேத்து சாயங்காலத்துலேருந்து தண்ணியே குடிக்கலடா" என்றார்கள். கழிவறை கட்டடத்துக்குப் பின்னால் இருந்தது. கரண்ட் இல்லை, கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. வழியில் தெரியாத ஆண்கள் நின்று பேசிக்கொண்டு இருந்தார்களாம். தண்ணீர் குடித்தால் போக வேண்டிவரும் என்று எந்தப் பெண்ணும் குடிக்கவில்லை. இரண்டு வயசுப் பெண்களை அவர்கள் அம்மாக்கள் ராத்திரி முழுக்கத் தூங்காமல் காவல் காத்தார்களாம். நான் அதே வழியில் பத்துத் தடவை டார்ச்சோடு போய் வந்திருக்கிறேன். எனக்குத் தோன்றவே இல்லை! "நீதான் படிச்சிட்டு வந்தியே, அதுல இதெல்லாம் சொல்லலியா?" என்று அம்மா கேட்டார்கள். சொன்னார்கள். நோட்டில்கூட எழுதி வைத்திருக்கிறேன்.

அதற்குப் பிறகுதான் நூலகத்தில் தேடிப் படித்தேன். டொனால்டு கிர்க்பாட்ரிக் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1959-லேயே பயிற்சியை நான்கு படியாக அளக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறார். பயிற்சி பிடித்திருந்ததா என்பது முதல் படி. ஏதாவது கற்றார்களா என்பது இரண்டாவது. வேலைக்குத் திரும்பிய பின் நடந்துகொள்வது மாறியதா என்பது மூன்றாவது. அதனால் பலன் கிடைத்ததா என்பது நான்காவது. நான் அடித்த டிக் முதல் படி. என் நோட்டு இரண்டாவது படி. மூன்றாவதில் நான் ஃபெயில். என் சான்றிதழுக்கு அது தெரியாது.

சரி, நம் நாட்டில் யாராவது மூன்றாவது படி வரை அளந்திருக்கிறார்களா? அளந்திருக்கிறார்கள். மத்தியப் பிரதேசத்தில் 180 போலீஸ் ஸ்டேஷன்களில் செய்து பார்த்து, முடிவு 2022-இல் 'சயின்ஸ்' இதழில் வந்தது. 'உர்ஜா' என்ற பெண்கள் உதவி மேஜைத் திட்டம் அது. எந்த ஸ்டேஷனுக்கு மேஜை, எதற்கு இல்லை என்பதைச் சீட்டுக் குலுக்குவது போல முடிவு செய்தார்கள். ஏன் குலுக்க வேண்டும்? இல்லாவிட்டால் ஏற்கெனவே நன்றாக நடக்கிற ஸ்டேஷன்களைப் பார்த்துக் கொடுத்துவிட்டு, 'பார், பயிற்சியால் முன்னேற்றம்' என்று சொல்லிவிடலாமே! மேஜை கிடைத்த இடத்தில் வெறும் வகுப்பு மட்டும் நடத்தவில்லை. பெண்கள் உட்கார்ந்து பேசத் தனி இடம், புகார் வந்தால் என்னென்ன செய்ய வேண்டும் என்ற எழுத்து மூலமான நடைமுறை, ஊர் மக்களோடு தொடர்பு, எல்லாம் சேர்த்துக் கொடுத்தார்கள். ஒரு பகுதி ஸ்டேஷன்களில் மேஜையைப் பெண் காவலர்களிடமே ஒப்படைத்தார்கள்.

முடிவு என்ன? மேஜை உள்ள ஸ்டேஷன்களில் பெண்களுக்கு எதிரான வன்முறை வழக்குகள் அதிகமாகப் பதிவாயின. குறிப்பாகப் பெண் காவலர்கள் நடத்திய இடங்களில்.

இங்கே கொஞ்சம் நின்று யோசியுங்கள். வழக்கு அதிகமானது எப்படி நல்ல செய்தி ஆகும்? எனக்கும் முதலில் புரியவில்லை. புகார் எண்ணிக்கை குறைந்தால் வெற்றி என்று அளவுகோல் வைத்தால், வருகிற பெண்ணை "வீட்டு விஷயம்மா, போய் சமாதானமா இருங்க" என்று திருப்பி அனுப்புகிற ஸ்டேஷன்தான் முதல் பரிசு வாங்கும்! வன்முறை நடந்துகொண்டுதான் இருக்கும், ரிஜிஸ்டர் மட்டும் சுத்தமாக இருக்கும். அதனால் முதலில் எண்ணிக்கை கூடினால், கதவு திறந்திருக்கிறது என்று அர்த்தம். மீட்டர் தப்பாக இருந்தால் ரீடிங் எடுத்து என்ன பயன் என்று எலெக்ட்ரிகல் நண்பர்களுக்குத் தெரியும்.

ராஜஸ்தானில் இன்னொரு ஆராய்ச்சி. பின்னாளில் (2019) நோபல் பரிசு வாங்கிய அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ இருந்த குழு செய்தது. போலீசுக்குப் பயிற்சி கொடுத்ததோடு நிற்காமல், புகார் கொடுப்பவர் போல நடிக்க ஆட்களை ஸ்டேஷனுக்கு அனுப்பினார்கள். புகாரை வாங்கினார்களா, எப்படிப் பேசினார்கள் என்று குறித்துக்கொண்டார்கள். இதைவிட நல்ல கியூப் டெஸ்ட் உண்டா? பயிற்சியால் மக்களின் திருப்தி கூடியது. அடிக்கடி இடமாற்றம் செய்வதை நிறுத்தி வைத்ததும் பலன் தந்தது. யாரோ சோதிக்க வரலாம் என்ற நிலையிலேயே வேலையும் முன்னேறியதாம். இடமாற்ற விஷயம் எனக்கு முக்கியமாகப் பட்டது. பயிற்சி பெற்றவர் ஆறே மாதத்தில் வேறு ஊருக்குப் போய்விட்டால், பயிற்சியும் அவரோடு பஸ் ஏறிவிடுகிறது.

சட்டம் இல்லையே என்றும் சொல்ல முடியாது. பாலியல் பலாத்காரம் போன்ற குறிப்பிட்ட குற்றங்களில் தகவலைப் பதிவு செய்யாத அரசு ஊழியருக்கு 6 மாதத்துக்குக் குறையாமல் 2 வருஷம் வரை சிறை என்று 2013-லேயே சட்டம் வந்தது. இப்போது அது பாரதிய நியாய சன்ஹிதாவில் 199-ஆம் பிரிவாக இருக்கிறது. தெரிந்திருப்பது இரண்டாம் படிதான்.

இனி நம் விஷயம், அதாவது வெள்ளமும் முகாமும். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பின் இலங்கையில் நெரிசலான முகாம்களில் பெண்கள் துன்புறுத்தப்பட்டதைப் பெண்கள் அமைப்புகள் வெளியே கொண்டுவந்தன. நம் தமிழ்ப் பெண்கள் மட்டக்களப்பில் சேர்ந்து முகாம் முகாமாகப் போய்க் கண்காணித்திருக்கிறார்கள். 2005-இல் சர்வதேச அமைப்புகள் சேர்ந்து இதற்கென்றே வழிகாட்டி நெறிகள் போட்டன. 'ஸ்பியர்' என்ற கையேட்டில் அளவே கொடுத்திருக்கிறார்கள்: பொதுக் கழிவறை 20 பேருக்கு ஒன்று, தங்கும் இடத்திலிருந்து 50 மீட்டருக்குள், உள்தாழ்ப்பாள், வெளிச்சம். இதைப் படித்தபோது எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. மீட்டர், தாழ்ப்பாள், லைட்.... இதெல்லாம் நம் சிலபஸ் அல்லவா! நாம் அளக்கத் தெரிந்தவர்கள். வன்முறையைத் தடுப்பது என்றால் ஏதோ பெரிய பேச்சு என்று நினைத்து, டேப் பிடிக்காமல் விட்டுவிட்டோம்.

ஆகவே நம் தொண்டர்களுக்கு மறுபடியும் பயிற்சி நடந்தால், அன்று டிக் அடிக்கும் தாளோடு விட வேண்டாம் என்று பேரவையிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். மூன்று மாதம் கழித்து, சொல்லாமல் கொள்ளாமல் ஒரு ராத்திரி ஒத்திகை வைக்க வேண்டும். கரண்டை நிறுத்திவிட்டு, ஒரு பள்ளிக்கூடத்தில் 50 பேரைத் தங்க வைக்க ஏற்பாடு செய்யச் சொல்ல வேண்டும். யார் முதலில் கழிவறை வழியைப் பார்க்கிறார்கள்? ஒரு பெண் வந்து தயங்கித் தயங்கிப் பேசினால் தனியாக உட்கார வைத்துக் கேட்கிறார்களா, எல்லார் முன்னாலும் "என்னக்கா ஆச்சு?" என்று கத்துகிறார்களா? 181, 112 எண்களைச் சொல்லத் தெரிகிறதா? மார்க் போடுகிறவர்கள் நாமாக இருக்கக் கூடாது, தங்கிய பெண்களே போடட்டும்.

போன மழைக்காலத்துக்கு முன் நானும் என் வகுப்பு நண்பனும் அதே பள்ளிக்கூடத்துக்கு 30 மீட்டர் டேப்போடு போனோம். ஹாலிலிருந்து கழிவறைக் கதவு வரை சுற்றிப் போனால் 74 மீட்டர். பக்கவாட்டு கேட்டைத் திறந்துவிட்டால் 38-தான்! அந்தக் கேட் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்டு எழுதிக்கொண்டோம். தாழ்ப்பாள் நாலும் நாங்களே வாங்கிப் போட்டோம். பேட்டரி லைட் இன்னும் வரவில்லை. அம்மாவைக் கூட்டிப் போய்க் காட்டினேன். உள்ளே போய்த் தாழ்ப்பாளைப் போட்டு, திறந்து, மறுபடி போட்டுப் பார்த்தார்கள். "ரெண்டாவது கதவு சரியா பிடிக்கலடா" என்றார்கள். ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு மறுபடி போக வேண்டியிருந்தது.